இடப்பக்கச் சக்கரம்

தன் மோட்டார் சைக்கிளில் இன்னொருவன் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதைப் பிலவேந்திரன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். பிலவேந்திரனுடைய வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. எட்டு நாளைக்கு முன்னால், கல்லல் பக்கம் ஒரு கிணற்றில் பம்ப்செட் இறக்கும்போது பாசியில் வழுக்கி விழுந்ததில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. ஆக்சிலேட்டரைத் திருகுகிற கை அதுதான். மெக்கானிக் ஞானசேகர் இரண்டு முறை சும்மா மிதித்துப் பார்த்துவிட்டு மூன்றாவது மிதியில் என்ஜினைக் கிளப்பினான். உறுமல் என்னவோ அதே உறுமல்தான். இருந்தாலும் பிலவேந்திரனுக்கு அது வேறு யாருடைய வண்டியோ போலக் கேட்டது.

போகாமல் இருக்கவும் முடியாது. காளையார்கோவில் பக்கத்தில் கருத்தையா என்பவருடைய வயலில் ஆயில் என்ஜின் நின்று மூன்று நாளாயிற்று. பயிர் பால் பிடிக்கிற நேரம். இன்னும் இரண்டு நாள் தண்ணீர் பாயாவிட்டால் அவ்வளவும் பதர்தான் என்று ஆளனுப்பியிருந்தார். அந்த என்ஜினை விற்ற ஏஜெண்டு பிலவேந்திரன். உதிரிச் சாமான்களும் கருவிப் பெட்டியும் வண்டியின் பின்பக்கம் இரும்புப் பட்டை போட்டு முடுக்கப்பட்டிருந்தன. அங்கே ஆள் உட்கார இடம் கிடையாது.

“அப்ப நீங்க தொட்டியிலதான் ஏறணும்ண்ணே” என்றான் ஞானசேகர்.

தொட்டி என்பது வண்டியின் இடப்பக்கம் பூட்டியிருந்த சைடு கார். ஊர் வைத்த பெயர் அது. அதற்குள் அரை மூட்டை மண் கிடந்தது. ஞானசேகர் இறங்கி வந்து அதைத் தூக்கிச் சுவரோரம் போட்டான். நாலு வருஷமாக ஒரே இடத்தில் கிடந்ததில் மூட்டை உட்கார்ந்த அச்சு மெத்தையில் பள்ளமாகப் பதிந்திருந்தது. பிலவேந்திரன் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தான். வாசலுக்குத் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்த அவன் மனைவி யூஜினியா ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பாட்டிலை அவன் இடது கையில் கொடுத்தாள். “பாத்துப் போங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சைடு காரை அவன் அறுபத்து நாலில் வாங்கினான். பொன்மலையில் ஒரு ரயில்வே டிரைவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, ஞானசேகரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டி எடுத்துவந்தான். கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் வெளிநாட்டுக் கார்கள் உண்டு. காரைக்குடி ரோட்டில் சைடு கார் இது ஒன்றுதான். அதை ஓட்டப் பழகவே அவனுக்கு மூன்று வாரம் ஆயிற்று. இரண்டு சக்கரத்தில் உடம்பைச் சாய்த்தால் வண்டி வளையும். இதுவோ சாயவே சாயாது, கைப்பிடியை மல்லுக்கட்டித் திருப்ப வேண்டும். வேகம் கூட்டினால் இடப்பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் வலப்பக்கம் தள்ளும். தொட்டி காலியாக இருக்கும்போது இடது பக்கம் வெடுக்கென்று திருப்பினால் அந்தச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். அதற்குத்தான் பாரம் வேண்டும். இதையெல்லாம் ஊருக்கு வெளியே பொட்டலில் ஒரு குதிரையைப் பழக்குவது போலப் பழகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை யூஜினியாவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனான். பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். பெண்டாட்டியை இப்படி வைத்துத் தாங்குகிறவன் யார் இருக்கிறான் என்று ஒரு அம்மாள் சொன்னதை அவன் வெகு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மாதம் இரண்டு தடவை தேவகோட்டையில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போவார்கள். வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வருவான். எந்த ஊரில் எந்த என்ஜின் என்ன பாடுபடுத்தியது, யார் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று கதை கதையாகச் சொல்வான். அவள் தலையாட்டிக்கொண்டே வருவாள். கேட்டுக்கொண்டு வருகிறாள் என்பதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அறுபத்தெட்டில், கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, யூஜினியாவுக்கு நாள் தள்ளிப்போயிற்று. மூன்றாம் மாதம். அம்மாவிடம் சொல்லிவிட்டு வருவோம் என்று புறப்பட்ட அன்று காலையில் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

“நான் பஸ்ஸுல வந்துர்றேன். நீங்க வண்டியில முன்னால போங்க.”

“எதுக்கு? பஸ்ஸுல இடிபட்டு மிதிபட்டு வரணுமா? இதுல ராணி மாதிரி உக்காந்து வாரதுக்கென்ன?”

“இல்ல, பஸ்ஸுன்னா தேவலை.”

“ஊரே பாத்து ஏங்குது. ஒனக்கு மட்டும் எளக்காரமாத் தெரியுதோ?”

அவன் குரல் தெருவுக்குக் கேட்டது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். யூஜினியா தொட்டியில் ஏறிக்கொண்டாள். அந்த வருஷத்து மழையில் தேவகோட்டை ரோடு பல இடங்களில் பெயர்ந்து கிடந்தது. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதாம் நாள் கரு கலைந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, “சில சமயம் இப்படித்தான், இதுதான் காரணம்னு சொல்ல முடியாது” என்றார். பிலவேந்திரன் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அதன் பிறகு அவள் தொட்டியில் ஏறவில்லை. ஏற மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. தேவகோட்டைக்குப் போக வேண்டிய நாளில் குடையை எடுத்துக்கொண்டு வண்டியைக் கடந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுவாள். அவன் தொட்டியில் மண் மூட்டையைப் போட்டுக்கொண்டு தனியே போவான். ஒரே வீட்டிலிருந்து ஒரே ஊருக்கு இரண்டு வண்டியில் போகிற புருஷன் பெண்டாட்டி என்று தெருவில் சிரித்தார்கள். ஒருநாள் ரோட்டில் அவள் இருந்த பஸ்ஸை ஹாரன் அடித்துக்கொண்டே முந்தினான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திரும்பவே இல்லை. அந்த அவமானத்தில்தான் மறுநாள் வீட்டுக்கு வந்திருந்த ஞானசேகரிடம், “பிள்ளை போன துக்கத்த வண்டி மேல காட்டுறாடா” என்றான். சொல்லிவிட்டுத் திரும்பினால் யூஜினியா இரண்டு கையிலும் காப்பி டம்ளரோடு பின்னால் நின்றிருந்தாள். டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது வண்டி ஊரைத் தாண்டியது. ஞானசேகர் நிதானமாகத்தான் ஓட்டினான். முப்பது மைல் வேகம்கூட இராது. ஆனால் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் உட்கார்ந்திருந்த பிலவேந்திரனுக்கு ரோடு மூஞ்சியில் வந்து அடிப்பது போல இருந்தது. வலது காதுக்குப் பக்கத்திலேயே என்ஜின். கால்களை நீட்டியபடி வைத்திருப்பதால் எதையும் மிதித்து ஊன்ற வழியில்லை. பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு கம்பி இருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்தும் பிரயோஜனமில்லை. சின்னக் கல் ஒன்று சக்கரத்தில் அகப்பட்டாலும் அந்த அடி இடுப்பில் ஏறி முதுகுத்தண்டு வழியாகப் பல் வரைக்கும் வந்தது.

எதிரே ஒரு பஸ் வந்தது. தார் ரோடு ஒரு வண்டி அகலம்தான். பிலவேந்திரன் எப்போதும் செய்வதையேதான் ஞானசேகரும் செய்தான். வண்டியை இடது பக்கம் ஒடித்தான். மோட்டார் சைக்கிளின் இரண்டு சக்கரமும் தாரிலேயே நின்றன. தொட்டியின் சக்கரம் மட்டும் தாரை விட்டு ஒரு சாண் கீழே மண்ணில் தொப்பென்று விழுந்தது. பிலவேந்திரனுக்கு ஒரு கணம் மூச்சு நின்றுவிட்டது. அப்புறம் மண்ணிலேயே குதித்துக் குதித்துப் போய், மறுபடி தாரில் ஏறும்போது இன்னொரு அடி. அவன் நிமிர்ந்து ஞானசேகரைப் பார்த்தான். ஸ்பிரிங் வைத்த சீட்டில் ஞானசேகரின் உடம்பு லேசாக ஒருமுறை ஏறி இறங்கியது, அவ்வளவுதான். அவன் முகம்கூடத் தெரியவில்லை. தெரிந்தது முழங்காலும் வேட்டி நுனியும்தான்.

ஞானசேகர் குனிந்து என்னவோ சொன்னான். வாய் அசைவது தெரிந்தது, ஒரு எழுத்தும் கேட்கவில்லை. பிலவேந்திரன் தலையாட்டினான். ஆட்டிய பிறகுதான், தான் என்ன செய்தோம் என்பது அவனுக்கு உறைத்தது. நாலு வருஷம் அவன் சொன்ன கதைகளில் ஒன்றுகூட அவளுக்குக் கேட்டிருக்காது.

அடுத்து ஒரு மாட்டு வண்டி. அதன் பிறகு ஒரு லாரி. பிலவேந்திரன் கட்டுப்போட்ட கையைத் தூக்கி ஆட்டினான். வண்டி நின்றது.

“என்னண்ணே, கை வலிக்குதா?”

“கையில்ல. இந்தத் தொட்டிக்கு அடியில என்னன்னு பாரு.”

ஞானசேகர் ரோட்டோரம் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டான். பிறகு தலையை வெளியே எடுத்துத் தலைமயிரில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

“ஸ்பிரிங் பட்டை ரெண்டு முறிஞ்சு கெடக்குண்ணே. இன்னைக்கி ஒடைஞ்சதில்ல. முறிஞ்ச எடத்துல துரு ஏறிப் போயிருக்கு.”

“எத்தன வருசமிருக்கும்?”

“அதெப்படிண்ணே சொல்றது? நாம வாங்குனப்பவே இருந்தாலும் இருந்திருக்கும். என்ஜினைத்தான் வாராவாரம் பாப்போம். இதை யாரு பாத்தா?” என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல அவன் முகத்தைப் பார்த்தான். “மெதுவா ஓட்டுறேன். எதுத்தாப்புல வண்டி வந்தா நின்னுருவோம்.”

பிலவேந்திரன் ரோட்டைப் பார்த்தான். இரண்டு பக்கமும் கருவேலம். தூரத்தில் தார் வெயிலில் பளபளத்தது.

“வேணாம். நான் ஓட்டுற மாதிரி ஓட்டு.”

“அண்ணே...”

“நான் எப்படி ஓட்டுவேன்னு ஒனக்குத் தெரியும்ல? அதே மாதிரி ஓட்டு.”

ஞானசேகர் தலையிலிருந்த மண்ணை இன்னொரு தரம் தட்டிக்கொண்டான். பிறகு ஏறி உட்கார்ந்து வேகத்தைக் கூட்டினான். மீதி பன்னிரண்டு மைலும் பிலவேந்திரன் முன்கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. கண்ணை மூடினால் அடுத்த அடி எப்போது விழும் என்று தெரியாமல் இன்னும் பயமாக இருந்தது. திறந்தே வைத்திருந்தான். ஒவ்வொரு தடவை சக்கரம் மண்ணில் விழும்போதும் அவன் அந்தக் காலையைத்தான் நினைத்தான். “பஸ்ஸுன்னா தேவலை” என்று அவள் சொன்ன அந்த மெல்லிய குரல். அதற்கு முந்திய நாலு வருஷமும் வாய் திறக்காதவள் அன்றைக்கு ஒரே ஒரு நாள் கேட்டாள். தனக்காகக் கேட்கவில்லை.

கருத்தையாவின் என்ஜின் மத்தியானத்துக்குள் ஓடிவிட்டது. அவர் வாய்க்காலில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். “என்ன ஏஜெண்டு, மொகம் வாடிக் கெடக்கு? கை ரொம்ப வலிக்குதோ?” என்று கேட்டார். பிலவேந்திரன் ஆமாம் என்று சொல்லிவைத்தான்.

வெயில் தாழ்ந்து வீட்டுக்குத் திரும்பியபோது யூஜினியா கொல்லையில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு நேராக நிற்க முடியவில்லை. கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“தொட்டியில ஸ்பிரிங் ஒடைஞ்சு கெடந்திருக்கு.”

“ம்.”

“ஒனக்குத் தெரியுமா?”

“ஸ்பிரிங்கப் பத்தி எனக்கென்ன தெரியும்? தூக்கித் தூக்கிப் போடும். அதுதான் தெரியும்.”

“நீ ஏன் சொல்லல?”

மடித்துக்கொண்டிருந்த துணியோடு அவள் கை நின்றது. அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“சொன்னேன்ல” என்றாள். “பஸ்ஸுல வாரேன்னு சொன்னேன்ல.”

அவன் வாயைத் திறந்தான். அதனால்தான் என்று நீ நினைக்கிறாயா என்று கேட்க வேண்டும். நாலு வருஷமாக அதைத்தான் நினைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டாயா என்று கேட்க வேண்டும். கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

“அன்னைக்கி நான்...” என்று ஆரம்பித்தான்.

“கை கழுவுங்க. நான் தண்ணி ஊத்துறேன்” என்று அவள் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு செம்பை எடுத்தாள். அவனுடைய ஒற்றைக் கையில் தண்ணீர் ஊற்றினாள். விரலிடுக்கில் இருந்த கிரீஸ் கறையைத் தானே தேய்த்துக் கழுவிவிட்டாள். அவன் குனிந்தே நின்றான்.

மறுநாள் ஞானசேகர் வந்து, புதுப் பட்டை போட்டால் சரியாகிவிடும் என்றான். போட வேண்டாம், தொட்டியையே கழற்றிவிடு என்றான் பிலவேந்திரன். நாலு போல்ட்டும் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தன. கழற்ற அரை நாள் ஆயிற்று. யூஜினியா அந்தப் பக்கம் வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் தேவகோட்டைக்குக் குடையோடு புறப்பட்டபோது அவனும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தான். பஸ் ஸ்டாண்டு வந்ததும்தான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்களும் பஸ்ஸுலயா வாரீக?”

“ஆமா.”

பஸ்ஸில் கூட்டம். நடுவில் ஒரு ஜன்னலோர சீட் அவளுக்குக் கிடைத்தது. பக்கத்தில் கோழிக்கூடையோடு ஒரு கிழவர் உட்கார்ந்துவிட்டார். பிலவேந்திரன் மேல்கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றான். ஊர் தாண்டியதும் காற்று வந்தது. அவளுடைய காதோரத்தில் நரை விழுந்திருப்பதை மேலிருந்து பார்த்தபோதுதான் கண்டான். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

பாதி வழியில் எதிரே வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்தன. பஸ் வேகத்தைக் குறைத்து இடது பக்கம் ஒதுங்கியது. சக்கரங்கள் தாரிலிருந்து மண்ணில் இறங்கின. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து குலுங்கியது. கம்பியில் தொங்கியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். யூஜினியா வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடையைப் பிடித்திருந்த கை அதை விட்டுவிட்டு, அவள் அறியாமலே மடிக்கு வந்து, அடிவயிற்றை அணைத்துப் பொத்திக்கொண்டது. அங்கே காப்பதற்கு இப்போது எதுவும் இல்லை. கைக்கு அது தெரியவில்லை. வைக்கோல் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. கடைசி வண்டியும் போன பிறகு பஸ் உறுமிக்கொண்டு தாரில் ஏறி நேரானது. அதற்கப்புறமும் வெகு தூரம் அந்தக் கை அங்கேயே இருந்தது.