சனிக்கிழமை யார் இறங்குவது

புல்வெட்டும் வண்டியை லைல் பிராண்ட்வோல்ட் மறுபடியும் திருப்பியபோது வெட்டுவதற்குப் புல்லே மிச்சமில்லை. சமையலறைச் சன்னலைத் திறந்து ரெனீ எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் புல்லு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு லைல்? போய்ச் சொல்லிட்டு வா."

"யார்கிட்ட?"

"உனக்குத் தெரியும்" என்று கணவனிடம் சொல்லிவிட்டுச் சன்னலை மூடிக்கொண்டாள்.

அவருக்குத் தெரியும்தான். நெப்ராஸ்காவின் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்னக் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு அவர் கோச். குவாட்டர்பேக்காக யாரை முதலில் இறக்குவது என்று ஊரே அவரைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டமும் குவாட்டர்பேக்கின் கையில்தான் தொடங்கும். பந்தை எறிவதா, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பதா, தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் அவன் முடிவெடுத்தாக வேண்டும். காலை உணவுக் கடையில் காப்பி ஊற்றும் பெண்ணுக்குக்கூட இதில் ஒரு கருத்து இருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் வேட் குசேரா பெயரைத்தான் சொன்னார்கள். உள்ளூர்ப் பையன். அவன் அப்பாதான் ஊர்க்காரர்களின் டிராக்டருக்கெல்லாம் டயர் மாற்றுகிறவர்.

மூன்று வருடமாக வேட் ஓரத்தில் நின்று தன் முறைக்காகக் காத்திருந்தவன். அவன் குரல் கொடுத்தால் முன்வரிசைத் தடியர்கள் வேலி மாதிரி நிற்பார்கள். ஆனால் அவன் எறிகிற பந்து போய்ச் சேரும். யோசித்துக்கொண்டே போய்ச் சேரும். அதே இடத்துக்குப் போட்டியிட்ட டேவியன் மேஸ் எறிவது வேறு மாதிரி. கான்சஸ் சிட்டிக்காரன், பெரிய பல்கலைக்கழகம் ஒன்றை விட்டுவிட்டு, போன குளிர்காலத்தில் இங்கே வந்தவன். அவன் கையை விட்ட பந்து சீறும். யாரோடும் ஒட்டமாட்டான்; சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான்.

ஆகஸ்டிலேயே லைலின் மனம் டேவியன் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் அது அவனுடைய கையை நம்பியா, தன் வேலையை நினைத்துப் பயந்தா என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. சென்ற பருவத்தில் தோல்விமேல் தோல்வி. இப்போதெல்லாம் கல்லூரித் தலைவர் எதிரே வந்தால் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று மட்டும் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனார். உடற்பயிற்சிக் கூடத்தில் வேட் பனிக்கட்டி வாளிக்குள் கணுக்காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவரைக் கண்டதும் எழப் பார்த்தான்.

"உட்காரு. சனிக்கிழமை டேவியன் இறங்குறான்."

வழியெல்லாம் வேறு என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தார். அதில் ஒன்றும் வாயில் வரவில்லை. வேட் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் என்ன தப்பு பண்ணேன் கோச்?"

"ஒண்ணும் பண்ணல."

"ஏதாவது இருந்தாச் சொல்லுங்க. தப்புன்னா திருத்திக்கலாம்." காலை வெளியே எடுத்தான், சிவந்து விறைத்திருந்தது. "ஒண்ணுமே இல்லன்னா நான் எதைத் திருத்துறது?"

லைல் துண்டை எடுத்து நீட்டினார். வேட் வாங்கிக்கொண்டான், நன்றி கூடச் சொன்னான். அதுதான் அவரைப் போட்டு அறுத்தது.

டேவியன் வண்டி நிறுத்துமிடத்தில், தன் பழைய காரில் கதவைத் திறந்துபோட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். செய்தியைச் சொன்னதும் மெல்லுவது நின்றது. சந்தோஷம் வரும் என்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் லைல்.

"எத்தனை மேட்சுக்கு கோச்?"

"என்னடா கேள்வி இது?"

"பழைய காலேஜ்லயும் இப்படித்தான் தோள்ல தட்டிச் சொன்னாங்க. ரெண்டாவது மேட்ச்ல ஒரு பந்து தப்பா போச்சு. அதுக்கப்புறம் ஒருத்தரும் என்கிட்டப் பேசல."

நன்றாக ஆடுகிற வரைக்கும் நீதான் என்றார் லைல். சொல்லி முடிக்கும்போதே அது வாக்குறுதி மாதிரி இல்லை, மிரட்டல் மாதிரி இருக்கிறது என்று அவருக்கே உறைத்தது.

சனிக்கிழமை மைதானம் நிரம்பியிருந்தது. டேவியனின் முதல் பந்து நாற்பது கஜம் பறந்து போய் நம் ஆள் கையில் உட்கார்ந்தது. ஊர் வாயைப் பிளந்தது. அடுத்ததை எதிரணிக்காரன் பிடித்துக்கொண்டு கோடுவரை ஓடிப் புள்ளி எடுத்துவிட்டான். முதலில் ஒரு மூலையிலிருந்து, பிறகு வரிசை வரிசையாக, "வேட், வேட்" என்று குரல் கிளம்பியது.

லைல் பெஞ்சைப் பார்த்தார். வேட் தலைக்கவசத்தை மாட்டியிருந்தான். அவன் விரல்கள் தாடைவாரில் இருந்தன. பூட்டுகிறானா அவிழ்க்கிறானா, அங்கிருந்து தெரியவில்லை. லைலுக்கு இரண்டடி தள்ளி டேவியன் வந்து நின்றான். கூட்டத்தின் சத்தம் அவன் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை.

நடுவர் விசில் ஊதினார். லைல் டேவியனுடைய சட்டையைப் பிடித்து அருகே இழுத்து, அடுத்து என்ன ஆடவேண்டும் என்று சொன்னார். டேவியன் கேட்டுக்கொண்டு ஓடினான். பாதி தூரத்தில் வேகம் குறைந்து, உள்ளங்கையைத் தொடையில் துடைத்தபடி, ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பதிலுக்குத் தான் தலையசைத்தோமா இல்லையா என்று லைலுக்குத் தெரியவில்லை.