கிரெக்சிங்சூன் கம்பெனியின் திறப்பு விழா

கம்பெனி தொடங்குகிறவர்கள் முதலில் சாமானைச் செய்து, அப்புறம்தான் பெயர் வைப்பார்கள் என்று ருக்குமணி நினைத்துக்கொண்டிருந்தாள். எண்பத்து மூன்றாம் வருடம் அவள் இருந்த மலேசியத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று ஆண்கள் சேர்ந்து எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஆரம்பித்ததைப் பார்த்த பிறகுதான், பிள்ளை பிறக்குமுன் காதுகுத்துக்குப் பந்தல் போடுவதும் உலகத்தில் ஒரு முறை என்று தெரிந்துகொண்டாள்.

மூவரும் லேசுப்பட்டவர்கள் அல்ல. கிரகரி தோட்ட ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா. அவர் டைப் அடித்தால் லீவுக் கடிதம்கூட கவர்னருக்குப் போகிற மாதிரி இருக்கும். ஆகவே மேனேஜிங் டைரக்டர். சிங்காரம் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர், கோயில் கமிட்டிச் செயலாளரும்கூட. எந்த மெஷினிலும் காதை வைத்துக் கேட்டு, உள்ளே ஏதோ கோளாறு என்று கண்டுபிடித்துவிடுவார். ஆகவே டெக்னிக்கல் டைரக்டர். ஆ சூன் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் லோரிக்குச் சொந்தக்காரர், தமிழர்களைவிட நன்றாகத் தமிழில் ஏசத் தெரிந்த சீனர். லோரி இருந்ததால் டிரான்ஸ்போர்ட் டைரக்டர். மூன்று பெயரையும் ஒன்றாகப் பிசைந்து ‘கிரெக்சிங்சூன் எலெக்ட்ரானிக்ஸ்’ என்று போர்டு எழுதி, லெட்டர் தாளும் அடித்தாயிற்று. ரப்பர் ஸ்டாம்பும் வந்துவிட்டது. அதைக் குத்தத்தான் இன்னும் இடம் அகப்படவில்லை.

சாமானைச் செய்தவள் ருக்குமணி. கொழுந்து பறிக்க வருமுன், கல்யாணத்துக்கு முன்னால், பினாங்கில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் மூன்று வருடம் ஈயம் பற்றவைத்தவள். தோட்டம் பள்ளத்தில் இருந்தது; சுற்றிலும் மலை. டிவியில் தமிழ்ப் படம் போடும் நாளில் வீட்டுக்கு ஒருவர் கூரைமேல் ஏறி ஏரியலைத் திருப்பிக்கொண்டிருக்க, கீழே இருப்பவர்கள் கதாநாயகியின் குரலை மட்டும் கேட்டு அழுவார்கள். மலை உச்சியில் ஒரே ஒரு ஏரியல் நட்டு, அங்கிருந்து தொழிலாளர்களின் எல்லா லைன் வீட்டுக்கும் வயர் இழுத்தால் என்ன என்று கேட்டது அவள்தான். வருகிற வழியில் வலுவிழக்கும் படத்தைத் தூக்கிவிட ஒரு பூஸ்டர் வேண்டும். ஈப்போவில் பாகங்கள் வாங்கி, அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அவளே கட்டினாள்.

ஆனால் திங்கட்கிழமை கேஎல்லுக்கு, அதாவது கோலாலம்பூருக்கு, கம்பெனிப் பதிவுக்குப் போகிற விண்ணப்பப் பாரத்தில் மூன்று பெயர்தான் இருந்தது. ஒருமுறை கேட்டும் பார்த்தாள். பெண்பிள்ளை பெயரைப் பார்த்தால் பேங்கில் யோசிப்பார்கள் என்றும், அவளுக்கு சூப்பர்வைசர் என்று நல்ல பதவியாகப் போடலாம் என்றும் கிரகரி அன்பாகச் சொன்னார். பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கே ஈப்போவிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்து பற்றவைக்கச் சொல்வார்கள். பெட்டி அவர்களுடையதாக இருக்கும், அவள் முதுகில் மறுபடி கொழுந்துக் கூடை இருக்கும்.

திறப்பு விழா சனிக்கிழமை, தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கிளப்பில். தோட்ட மேனேஜர் துரை ஐந்து மணிக்கு வருவார். படம் பிடித்திருந்தால் தோட்டம் முழுக்க வயர் இழுக்க அனுமதி. இல்லாவிட்டால் உச்சியில் நட்ட கம்பத்தைப் பிடுங்கச் சொல்லிவிடுவார். நல்ல நேரம் நாலு மணிக்கு என்பதால் பூஜை முன்னதாகவே.

பிஸ்கட் டின் கம்பெனிக்கு கௌரவம் இல்லை என்று பூஸ்டரைத் தேக்குப் பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். உள்ளே இருக்கும் வேலைப்பாட்டைத் துரை பார்க்கவேண்டும் என்று மூடியையும் கழற்றிவிட்டார்கள். மூடச் சொல்ல வாய் திறந்த ருக்குமணியின் கையில் சந்தனத் தட்டைக் கொடுத்து ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

சிங்காரம் கற்பூரம் காட்டி, பெட்டிக்கு நேர் மேலே தேங்காயை ஒரே போடாகப் போட்டார். இளசான தேங்காய், தண்ணீர் தாராளமாக இறங்கியது. பெரிய டிரான்சிஸ்டராகப் பார்த்துக் குங்குமமும் வைத்தார். தன் பக்கத்து ஆசீர்வாதம் குறைந்துபோகக்கூடாதே என்று கிரகரி மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைத் தெளித்தார். ஆ சூன் மட்டும் சும்மா இருப்பாரா? மூன்று ஊதுபத்தியைப் பெட்டி விளிம்பில் செருகினார். சாம்பல் அழகாக உள்ளே உதிர்ந்தது. எல்லாத் தெய்வங்களும் உள்ளே இறங்கிய பிறகு கிரகரி சுவிட்சைத் தேடினார்.

ருக்குமணி தட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

சிங்காரம் குனிந்து பெட்டியில் காதை வைத்தார். உள்ளே ஏதோ கோளாறு என்றார்.

“ருக்கு, ஏதாச்சும் பண்ணு தங்கச்சி,” என்றார் கிரகரி. குரலில் மேனேஜிங் டைரக்டர் இல்லை.

“பண்றேன்ண்ணே. அந்தக் கேஎல் பாரத்த எடுங்க. நாலாவதா என் பேர எழுதுங்க.”

“டைப் அடிச்சாச்சேம்மா. இனிமே கையால எழுதினா அசிங்கமா இருக்கும்.”

“படம் வரலன்னா அதவிட அசிங்கமா இருக்கும்ண்ணே.”

“எழுதுலா கிரகரி,” என்றார் ஆ சூன். “எனக்கு லோரி ஓட்டத்தான் தெரியும். நீ என்ன, டைப்ரைட்டரத் தட்டிப் படம் காட்டுவியா?”

கிரகரி எழுதினார். பதவி என்ன போட என்று கேட்டார். அதை அவர்களே வைத்துக்கொள்ளலாம், பங்கு மட்டும் நாலும் சமமாக இருக்கட்டும் என்றாள். கையெழுத்து கோணலாகிப் போன இடத்தில் அவர் ரப்பர் ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினார். அதற்கு அன்றுதான் முதல் வேலை.

டிஸ்பென்சரியிலிருந்து ஸ்பிரிட் வாங்கிவரச் சொல்லி, பஞ்சில் தொட்டு ஒவ்வொரு பாகமாகத் துடைத்தாள். பிறகு தொழிற்சாலைக்கு ஓடினாள். இலை காயவைக்கும் மெஷினின் வாயருகே வெதுவெதுப்பான காற்றில் பூஸ்டரைப் பிடித்துக்கொண்டாள். சூட்டை ஏற்றட்டுமா என்று பக்கத்தில் நின்ற சிங்காரம் கேட்டார்.

“வேணாம் மாமா. இது தேயில இல்ல, கருக்கிடாதீங்க.”

அதற்குள் துரை வந்துவிட்டார். கிரகரியின் பேச்சு என்றால் தோட்டமே தலைதெறிக்க ஓடும். அன்று அவர் நாற்பது நிமிஷம் பேசினார்; விஞ்ஞானத்தில் தொடங்கி, மலேசியாவின் எதிர்காலம் வழியாக, தன் தகப்பனாரின் சைக்கிள் வரைக்கும் வந்தார். துரை இரண்டாவது தடவை கடிகாரத்தைப் பார்த்தபோது ருக்குமணி உள்ளே நுழைந்து வயரை மாட்டினாள்.

கிளப் டிவியின் திரையில் முதலில் வெறும் வெள்ளைப் பூச்சி. ஒரு திருகைத் திருப்பினாள். சொங்கோக் தொப்பி போட்ட ஒரு செய்தி வாசிப்பாளர், மீசை மயிரை எண்ணலாம் போலத் தெளிவாக வந்து உட்கார்ந்தார். லைன் ஆட்கள் மூச்சுவிடாமல் செய்தி கேட்டது தோட்ட வரலாற்றில் அதுவே முதல் தடவை. துரை தலையாட்டினார். பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் கேட்டார். மூன்று டைரக்டர்களும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

திங்கட்கிழமை பாரம் நாலு பெயரோடு போயிற்று. அடுத்த வாரம், லைன்களுக்கெல்லாம் வயர் இழுத்து முடிந்ததும், டைரக்டர்கள் கோட்டுப் போட்டு ஈப்போ ஸ்டுடியோவுக்குப் படம் எடுக்கக் கிளம்பினார்கள். நடு நாற்காலி ருக்குமணிக்குத்தான் என்று கிரகரி பெருந்தன்மையாகச் சொன்னார். அவளும் நல்ல சேலை கட்டி லோரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். அந்நேரம் பார்த்து மூணாம் லைன் தங்கம்மா வந்து, தன் வீட்டு டிவியில் எல்லாரும் இரண்டு இரண்டு பேராகத் தெரிகிறார்கள் என்றாள்.

மழை பெய்து ஓய்ந்த நேரம். லைனுக்குப் பின்னால் கணுக்கால் அளவு சேறு. ருக்குமணி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஏணி வழுக்கியது. கோட்டுப் போட்ட மூவரும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று கீழேயிருந்து கிரகரி கேட்டார். வாயில் வயரைக் கடித்துக்கொண்டிருந்த அவள், ஏணியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்படி மூவருக்கும் கையைக் காட்டினாள்.