மூன்றாவது லைனில் எமில்

ஜனவரி மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு, எங்கள் வானொலி பேச்சை விட்டுவிட்டு விளையாட்டுக்கு மாறியது. எட்டு வருடங்களுக்கு முன் விளையாட்டிலிருந்து பேச்சுக்கு மாறியிருந்தது. அப்போது கழற்றி வைத்த பலகையை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்துத் துடைத்து மறுபடி வாசலில் மாட்டினார்கள். ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஈரி நகரத்தில் இதெல்லாம் செய்தியில்லை.

தொலைபேசி எண் மட்டும் மாறவில்லை. அதை எடுப்பது என் வேலை. பெயர் கேட்பேன், என்ன பேசப் போகிறார்கள் என்று கேட்பேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் இருப்பவரின் திரையில் தட்டச்சு செய்வேன். பேசுவது ஏழு விநாடி தாமதமாகத்தான் காற்றில் போகும். யாராவது கெட்ட வார்த்தை சொன்னால் அந்த ஏழு விநாடியை வெட்டி எறிய என் மேஜையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு.

மாறுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மேனேஜர் பிரெண்டா என்னிடம் வந்தாள். அதே கட்டடத்தில் ஐந்து நிலையங்களுக்கு அவள் ஒருத்திதான் மேனேஜர்.

"டேரன், பேச்சு நிகழ்ச்சி ஃபைல் எல்லாத்தையும் ஞாயித்துக்கிழமைக்குள்ள அழிச்சிடு. கலந்து கிடந்தா புது ஆளுங்களுக்குக் குழப்பம்."

அழித்தேன், ஒரு ஃபோல்டரைத் தவிர. அதன் பெயர் 'ஜோன்'.

ஜோன் பாரிஷ் என் மனைவி. அது வானொலிக்காக வைத்துக்கொண்ட பெயர். இந்தத் தொழிலில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். வீட்டில் அவள் வாண்டா. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஊரோடு பேசுவாள். பனி அள்ளாத தெரு, குப்பை வண்டி, பள்ளிக்கூடம், நாய். பதினான்கு மாதங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. வயது முப்பத்தொன்று. பேப்பரில் மரண அறிவிப்பு கொடுத்தேன். வாண்டா குபியாக் என்று. வேறு பெயர் அதில் இல்லை.

வானொலியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. இங்கே அதுதான் வழக்கம். ஒருவர் போனால் அவர் பெயரை மறுபடி எடுப்பதில்லை. அவள் நேரத்தில் வேறு ஊரிலிருந்து வரும் நிகழ்ச்சி ஒன்றைப் போட்டோம்.

"யாராவது கேட்டா லீவுன்னு சொல்லிடு," என்றாள் பிரெண்டா. "இப்போதைக்கு."

கேட்டது ஒருவர்தான். எமில் நோவிட்ஸ்கி. ரயில் இஞ்சின் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர். குளிர்காலத்தில் தினமும் காலையில் உறைந்து கிடக்கும் ஏரி வளைகுடாவின் மேல் நடந்து போய், துளை போட்டு, ஐஸ் எத்தனை அங்குலம் என்று அளப்பார். சரியாகப் பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஜோனைக் கூப்பிட்டுச் சொல்வார். மீன் பிடிக்கப் போகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் ஐஸில் கால் வைப்பார்கள். கோடையில் தண்ணீர் எவ்வளவு சூடு என்பார். அவள் எப்போதும் ஒரே மாதிரி ஆரம்பிப்பாள். "சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்."

அவள் போன பிறகும் பத்து பத்துக்கு என் ஃபோனில் மூன்றாவது லைனின் விளக்கு எரிந்தது.

"ஜோன் வந்துட்டாளா தம்பி?"

"லீவுங்க."

"இன்னுமா? புள்ள கிள்ள பொறந்திருக்கா?"

"தெரியலைங்க."

"சரி, நீயாவது எழுதிக்க. ஆறு அங்குலம்."

நான் எழுதிக்கொண்டதில்லை. பதினான்கு மாதம் அப்படியே சொன்னேன். முதலில் பிரெண்டா சொன்னதற்காக. பிறகு, மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

விளையாட்டுக்கு ஒஹாயோவிலிருந்து ரஸ்டி என்று ஒருவனைக் கொண்டுவந்தார்கள். சத்தமான ஆள். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். வந்த முதல் நாளே, "இந்த ஊருக்கு மூணு பாதிய்யா," என்றான் மைக்கில். "பாதிப் பேரு பஃபலோ டீமு, பாதிப் பேரு கிளீவ்லாண்டு, மீதிப் பாதி பிட்ஸ்பர்க். ஒரு கல்யாண வீட்ல கூட நிம்மதியா சோறு திங்க முடியாதே உங்களால." ஃபோன் ஐந்து லைனும் எரிந்தது.

பேச்சுக்கு நடுவே பொத்தானைத் தட்டிச் சின்னச் சின்ன ஒலிகளைப் போடுவது அவனுக்குப் பிடிக்கும். கழுதைக் குரல், கண்ணாடி உடையும் சத்தம். புதிது தேடிக்கொண்டே இருப்பான். இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, ஜோனின் பதிவுகள் இருந்த அந்த ஃபோல்டர் அவன் கண்ணில் பட்டது.

கிளீவ்லாண்டு இந்த வருடம் கோப்பை ஜெயிக்கும் என்று ஒருவர் சத்தியம் செய்துகொண்டிருந்தார். ரஸ்டி பொத்தானைத் தட்டினான்.

"சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்."

"பயப்படாதீங்கண்ணே," என்றான் ரஸ்டி. "நர்ஸம்மா வந்துட்டாங்க. மாத்திரை போட்டுட்டுப் படுங்க."

இடைவேளையில் கண்ணாடி வழியாகக் கட்டை விரலைக் காட்டினான். "யாரு மச்சி இந்த நர்ஸு? என்னா குரல்!"

"பழைய ஆள்," என்றேன்.

அப்போதே அழித்திருக்கலாம். மூன்று தட்டு போதும். ஆனால் ஹெட்ஃபோனைக் கழற்றாமல், அடுத்து எப்போது போடுவான் என்று காத்திருந்தேன். அன்றைக்குப் பதினோரு முறை போட்டான்.

வெள்ளிக்கிழமை, பத்து பத்து. மூன்றாவது லைன்.

"தம்பி, எமில். வந்துட்டாளா?"

"யாருங்க?"

"என்ன யாருங்க? ஜோன்! நேத்து என் காதால கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் ரேடியோல பந்தாட்டத்த வச்சிருந்தான், செவுத்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு. இங்கதான் இருக்கேன்னாளே. ரெண்டு வாட்டி சொன்னா. லைனக் குடு."

"அது வந்து... பழைய பதிவுங்க."

"போடா. அவ குரல் எனக்குத் தெரியாதா?"

திரையில் நான் எதையும் தட்டவில்லை. ஆனால் லைன் எரிவது ரஸ்டிக்குத் தெரியும்.

"யாரு மூணுல?" என்றான் என் காதில்.

"விளையாட்டு பேசுறவர் இல்ல. விட்டுடு."

"பெருசா? பெருசுன்னா இன்னும் நல்லது."

அவன் பக்கமும் லைன் எடுக்கும் பொத்தான் உண்டு. எடுத்தான்.

"வணக்கம் பெரியவரே, எந்த டீமு?"

"ஜோனக் குடுப்பா. ஐஸ் சொல்லணும்."

"ஜோனா? நம்ம நர்ஸம்மாவா? இதோ." தட்டினான்.

"சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்."

"அம்மாடி," என்றார் எமில். குரல் உடைந்தது. "எங்கம்மா போயிட்ட நீ? ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்தப் பய லீவு லீவுன்னே சொல்லிட்டிருந்தான். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ரஸ்டிக்குச் சிரிப்பு முட்டியது. மறுபடி தட்டினான்.

"சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்."

"இன்னிக்கு மூணே அங்குலந்தாம்மா. ஓரத்துல தண்ணி தெரியுது. யாரையும் போவேணாம்னு சொல்லு."

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அவர் அழுதது முன்பே போய்விட்டது. கடைசி ஏழு விநாடியைத்தான் வெட்ட முடிந்தது. அதில்தான் ஐஸ் பற்றிய எச்சரிக்கை இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. லைனை அவனிடமிருந்து பிடுங்கி என் ஃபோனுக்கு மாற்றினேன். ரஸ்டி கையை விரித்து என்னைப் பார்த்தான். விளம்பரத்துக்குப் போனான்.

"எமில், நான் டேரன்."

"அவகிட்ட பேசிட்டிருந்தேனேப்பா."

"அவ செத்துட்டா."

அந்தப் பக்கம் அடுப்பில் கெட்டில் விசிலடிப்பது கேட்டது. அவர் போய் அணைக்கவில்லை.

"எப்போ?"

"போன வருஷத்துக்கு முந்தின நவம்பர்."

"நான் உங்கிட்ட தினம் கேட்டேன்."

"ஆமா."

"நீ யாருடா அவளுக்கு?"

"புருஷன்."

கெட்டில் விசிலடித்துக்கொண்டே இருந்தது.

"அவ பேரு ஜோன் இல்லைங்க," என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "வாண்டா."

"வாண்டாவா? நம்ம போலந்துக்காரப் பொண்ணா?"

"ஆமாங்க. வீட்ல போலிஷ்தான் பேசுவா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் போலிஷ்லயே பேசியிருப்பேனே." மூச்சு வாங்கியது அவருக்கு. "அவ பேருக்கு சர்ச்சுல ஒரு பூசை கூட வச்சிருக்க மாட்டேன்னா நினைச்ச? பொய்க்காரப் பயலே."

வைத்துவிட்டார்.

விளம்பரம் முடிய நாற்பது விநாடி இருந்தது. ஃபோல்டரைத் திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு ஃபைல்கள். வீட்டில் நகல் இல்லை. எடுத்து வைக்க வேண்டும் என்று பதினான்கு மாதமாக நினைத்திருந்தேன். மூன்று தட்டு தட்டினேன்.

ரஸ்டி மைக்குக்கு வந்தான். "பாத்தீங்களா, பெருசு நம்ம நர்ஸம்மாவ லவ் பண்ணிருச்சு. அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?" பொத்தானைத் தட்டினான். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினான். "எங்கய்யா போயிட்டா இவ?"

அவன் காதுக்கு மட்டும் கேட்கும் பொத்தானை அழுத்தினேன்.

"அவ என் பொண்டாட்டி. செத்துட்டா. இன்னிக்கு வளைகுடால ஐஸ் மூணு அங்குலம், ஓரத்துல தண்ணி தெரியுது. அத சொல்லு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம் சாம்பலானது. நான்கு விநாடி காற்றில் எதுவுமே இல்லை. பிறகு, "ஐஸ் மூணு அங்குலமாம்," என்றான், முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு. "யாரும் போகாதீங்க." குரலில் சத்தமே இல்லை. அடுத்து பஃபலோ ஆட்டத்துக்குப் போனான்.

திங்கட்கிழமை பத்து பத்துக்கு மூன்றாவது லைன் எரியவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை அவர் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பத்தேகாலுக்கு இரண்டாவது லைனில் ஒரு ஆள். மீன் பிடிக்கப் போகிறவனாம். ஐஸ் எத்தனை அங்குலம் என்று கேட்டான்.

தெரியாது என்றேன்.