பக்கத்து நிரை

கொட்டகலை ஹொக்கி கிளப் சம்பளம் கொடுத்துப் பெண்களை ஆட வைக்கிறது. பழைய அணி கலைந்து, புதுப் பிள்ளைகளைச் சேர்த்து ஆறு மாதம் ஆகியும் ஒரு வெற்றி இல்லை. செயலாளர் தம்பிராசாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"சனிக்கிழமையும் தோத்தா விசிலைத் தந்திட்டுப் போங்கோ பிள்ளை. லெட்சுமி டுபாயால வந்திட்டாவெல்லோ, அவவை இறக்குங்கோ."

பயிற்சியாளர் சுதர்ஷினிக்கு மட்டும் ஆசை இல்லையா? பதினைந்து வருடங்களுக்கு முன் கிண்ணம் வென்ற அணியில் அவள்தான் கோல் காத்தாள், லெட்சுமி முன்னால் நின்று அடித்தாள். ஈர மண் வாசமும், பஸ்ஸில் தொண்டை கட்டப் பாடியதும் இன்னும் நினைவில் இருந்தன. அந்த நாட்களில் இன்னும் ஒன்று கிடைக்காதா என்று ஏங்கினாள்.

ஆனால் கிண்ணத்துக்கு முன் மூன்று வருடம் தோற்றதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் ஆட்டத்தில் அவளைத் தாண்டி ஒன்பது கோல். அன்றைய பயிற்சியாளர் செல்லசாமி அவளை மாற்றவில்லை; எல்லாருக்கும் ரொட்டியும் கட்டசம்பலும் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போனார்.

இந்தப் பிள்ளைகளின் கோளாறு வேறு. பாதிப்பேர் காலையில் கொழுந்து பறித்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். தேயிலை மலையில் ஆளுக்கொரு நிரைச் செடி. அடுத்தவள் நிரையில் கை வைத்தால் சண்டைதான். மைதானத்திலும் அதே மரியாதை. இரண்டு பேருக்கு நடுவே பந்து போனால் இருவரும் நல்ல பிள்ளைகளாக வழி விட்டார்கள். கத்தியும் பார்த்தாள், ஒன்றும் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை, பின்களத்தில் ஆடும் தனுஷிகாவைக் கேட்டாள். "பக்கத்து நெரைக்காரி பிந்திட்டா என்னா செய்வ?"

"நம்ம நெரைய முடிச்சிட்டு அவ நெரையில எறங்கிக் குடுப்போம் மிஸ்."

"அப்ப இங்க மட்டும் ஏன் பாத்துக்கிட்டே நிக்கிற?"

தனுஷிகா மட்டையை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

சனிக்கிழமை லெட்சுமி பழைய கிளப் சட்டையோடு வந்து நின்றாள். அவளை மைதான ஓரத்து வாங்கில் உட்காரச் சொன்னபோது சுதர்ஷினிக்கு அழுகை வந்தது. "இந்தப் புள்ளைகதான் ஆடணும்டி." லெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். ஒரு கோல் பின்னால் இருந்தார்கள். எதிரணிக்காரி ஒருத்தி இடது பக்கமாகப் பாய, அங்கே நின்றவள் வழுக்கி விழுந்தாள். தனுஷிகா தன் இடத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு அதை விட்டு ஓடிப்போய்ப் பந்தைப் பறித்தாள். அவள் விட்ட இடத்தில், யாரும் சொல்லாமலே, இன்னொருத்தி வந்து நின்றாள். லெட்சுமி வாங்கிலிருந்து எழுந்துவிட்டாள்.

என்ன செய்ய, தோற்றுத்தான் போனார்கள். சுதர்ஷினி கழற்றிக் கொடுத்த விசிலைத் தம்பிராசா லெட்சுமியிடம் நீட்டினார். "இனி நீங்கதான் பழக்க வேணும்."

லெட்சுமி அதை வாங்கிச் சுதர்ஷினியின் கழுத்திலேயே மாட்டினாள். "ஒருத்தி எடத்துல இன்னொருத்தி போய் நிக்கிறது எங்களுக்கு மூணாவது வருசந்தான் வந்துச்சுங்க. இதுகளுக்கு ஆறு மாசத்துல வந்திருச்சு. இவளே இருக்கட்டும்."

தம்பிராசா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இன்னும் எவ்வளவு காலம் தோக்கிறது?"

"தெரியாதுங்க," என்றாள் சுதர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மொதல்ல ரொட்டி வாங்கணும். புள்ளைக பசியோட நிக்கிதுக."