கனவில் கொடுத்த கை

விடியற்காலையில் கண்ட கனவு பலித்துவிடும் என்று முதன்முதலில் சொன்ன ஆள் யாரோ, அவர் மட்டும் கையில் கிடைத்திருந்தால் ஞானசௌந்தரி சும்மா விட்டிருக்க மாட்டாள். எழுந்து உட்கார்ந்தவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கனவில் மாமனார் சவரிநாதன் வந்திருந்தார். இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் இறந்துபோன மனிதர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் என்பதால் காரைக்காலில் ‘சொல்தா வீடு’, அதாவது சிப்பாய் வீடு என்றால்தான் அவர் வீடு தெரியும். வெள்ளை வெளேரென்று உடுத்திக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை, கையை மட்டும் நீட்டினார். ஞானசௌந்தரி தன் ஆறு வயது மகள் ஜோசெஃபினின் கையைப் பிடித்து அந்தக் கையில் கொடுத்தாள். யாரும் பிடுங்கவில்லை. தானாகவே கொடுத்தாள், அதுவும் சிரித்துக்கொண்டு.

அவள் பிறந்த போலகத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். செத்தவர்கள் கனவில் வந்து எதையாவது கொடுத்தால் நல்லது, எதையாவது வாங்கிக்கொண்டு போனால் அது வீட்டில் தங்காது. பெரியம்மாவின் கனவில் செத்துப்போன அண்ணன் வந்து கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு போனார். அந்த வாரமே கன்று செத்தது. ஞானசௌந்தரி கண்ணால் பார்த்தவள். இப்போது போனது கன்றுக்குட்டி இல்லையே.

புருஷன் ஓகுஸ்தேனும் பிரான்சில் பட்டாளத்தில்தான் இருந்தான். அவனுக்கு எழுதி, அவன் பதில் வருவதற்குள் என்ன வேண்டுமானாலும் நடந்துவிடும். பக்கத்து வீட்டு ஆஸியா பீவியிடம் ஓடினாள். மாமனார் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார் என்று மட்டும் சொன்னாள். தன் கையால் கொடுத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. பெற்றவள் செய்கிற காரியமா அது?

“அது சைத்தான் காட்டுறது சௌந்தரி. இடது பக்கமாத் துப்பிட்டு அந்தாண்ட திரும்பிப் படுத்துக்கணும். யாருட்டயும் சொல்லக் கூடாது.”

“சொல்லிட்டேனே லாத்தா.”

“அதான் பாக்குறேன்,” என்றாள் ஆஸியா பீவி. அவள் முகத்திலும் ஈயாடவில்லை.

மாமியார் அந்தோணிமேரி வேறு விதமாகச் சொன்னாள். “ஆத்துமத்துக்குப் பூசை கேக்குறாருடி. சாமியார்ட்ட சொல்லி வச்சிருவோம்.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “காலம் பூரா சோறாக்கிப் போட்டவ நானு. எங்கனவுல ஒரு நாளு எட்டிப் பாக்கல அந்த மனுஷன்.”

ஒரே கனவு. போலகத்தில் அது சாவு, பக்கத்து வீட்டில் சைத்தான், சொந்த அடுப்படியில் பூசை. ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்களே தவிர, பயத்தை வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை.

காப்பி குடித்துக்கொண்டிருந்த ஜோசெஃபின் தலையைத் தூக்கினாள். “எங்கனவுலயும் தாத்தா வந்தாங்கம்மா.”

“என்ன சொன்னாங்க?”

“வர்றியான்னாங்க. வர்றேன்னேன்.”

பிள்ளை சிரித்தது. ஞானசௌந்தரி எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டாள்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது, தெருவில் விளையாட்டுக் கிடையாது. கொல்லைக் கிணற்றின் மேல் பலகை போட்டு மூடினாள். படுக்கும்போது பிள்ளையின் கவுனைத் தன் முந்தானையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். “மாட்டக் கட்டுற மாதிரி கட்டுறியேம்மா,” என்று ஜோசெஃபின் சிணுங்கினாள். அடுப்பில் குழம்பு தீய்ந்தது. கிழமையும் தேதியும் அவளுக்கு மறந்தே போயின.

இத்தனை கட்டுக்காவலும் ஒரு வாளித் துணியில் வீணாய்ப் போயிற்று. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள். துணியைக் கொல்லையில் காயப்போட்டுவிட்டு ஞானசௌந்தரி உள்ளே வந்தால், வாசல் கதவு திறந்து கிடந்தது. பிள்ளை இல்லை. கொடியில் இருந்த புதுக் கவுனும் இல்லை.

கிணற்றுப் பலகை போட்டபடியே கிடந்தது. ஆஸியா பீவி பார்க்கவில்லை என்றாள். ஞானசௌந்தரி அரசலாற்றங்கரைக்கு ஓடினாள். துவைத்துக்கொண்டிருந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். தண்ணீரைப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. “மாதாவே, நான் கனவுலதானே குடுத்தேன்,” என்று வாய்விட்டு அழுதாள். அப்போதுதான் ஊருக்குள்ளிருந்து பியூகிள் சத்தம் கேட்டது.

ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள். சத்தம் வந்த திசையில் ஓடினாள். யுத்த நினைவுத் தூணுக்கு முன்னால் பழைய சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் வெள்ளை உடுப்பு. வருஷா வருஷம் மாமனாரின் வெள்ளை உடுப்பைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தவளே அவள்தான். கனவில் அதைப் பார்த்துச் சவத்துக்குப் போடும் கோடி என்று நினைத்துவிட்டாள். வரிசையின் ஓரத்தில் புதுக் கவுனோடு ஜோசெஃபின் நின்றிருந்தாள்.

மாமனாரின் பட்டாளத்துச் சிநேகிதர் அம்மையப்பன் தயங்கித் தயங்கி வந்தார். “சவரிநாதனக் கூப்புட வர்ற பழக்கத்துல காலு ஒங்க வாசலுக்கு வந்துருச்சும்மா. தாத்தாவோட வருஷா வருஷம் வர்ற புள்ள, நானும் வரேன்னு வந்து நின்னுச்சு. அம்மாட்ட கேட்டியான்னேன். போகச் சொல்லிட்டாங்கன்னுச்சு.”

போன உயிர் திரும்பிய வேகத்தில் கோபமும் வந்தது. பிள்ளையைத் தனியாக இழுத்துப் போய்க் கையை ஓங்கினாள்.

“நான் எப்படி போகச் சொன்னேன்? ஏன் பொய் சொன்ன?”

“பொய்யில்லம்மா. கனவுல நீதானே எங்கையப் புடிச்சு தாத்தாட்ட குடுத்த. சிரிச்சுக்கிட்டே குடுத்த.”

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அதை அவள் ஆஸியா பீவியிடம் சொல்லவில்லை. மாமியாரிடம் சொல்லவில்லை. கோயிலில் சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. பிள்ளையின் முகத்தில் பயத்தின் சாயலே இல்லை, திருவிழாவுக்கு வந்த சந்தோஷம்தான் இருந்தது.

“விடும்மா. தாத்தா நிக்கிற எடத்துல நிக்கணும்.”

அம்மையப்பனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். ஜோசெஃபின் அதற்குள் போய் நிற்காமல், அதை ஒட்டி நின்றாள். ஞானசௌந்தரி அவள் கையை விடவில்லை. தானும் கூடவே போய் நின்றாள். பேண்டு வாசிக்கத் தொடங்கி முடிக்கும்வரை தூணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையின் இன்னொரு கை நீண்டிருந்த அந்தக் காலி இடத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.