கட்டாயப் பாடம்

கணிதத்தில் தேனுகாவை முந்த அந்த வருடத்து மாணவர்களில் ஒருவரும் இல்லை. மாங்குளத்திலிருந்து வவுனியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த முதல் மாதத்திலேயே அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. விரிவுரையாளர் பலகையில் ஒரு நிறுவலைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மீதியை அவள்தான் சொல்லி முடிப்பாள். அப்படிப்பட்டவளுடைய சுட்டெண்ணுக்கு நேரே, இரண்டாம் வருடப் பெறுபேற்றில், ஒரு பாடத்தில் சித்தியில்லை என்று இருந்தது. பாடம் சிங்களம்.

எந்தத் துறையைப் படிக்க வந்தாலும் ஆங்கிலம், சிங்களம், கணினி, சுற்றாடல் என்று நாலு பொதுப் பாடங்களைக் கட்டாயமாகப் படிக்க வேண்டும். பட்டத்துக்கான புள்ளிக் கணக்கில் இவை சேராது. ஆனால் இவற்றில் சித்தியடையாமல் பட்டமும் கிடையாது. ஒரு பாடத்தையேனும் திரும்ப எழுதினவருக்கு முதல் வகுப்பு இல்லை. இந்த விதியை முதல் நாளே வாசித்துக் காட்டினார்கள். தேனுகாதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நான் கணிதம் படிக்க வந்தனான். இதுகள் எனக்கு என்னத்துக்கு?" என்று சொல்லித் திரிந்தாள்.

அவள் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. ஏழு வயதில், போர் முடிந்து அடைபட்டிருந்த செட்டிகுளம் முகாமில், ஒலிபெருக்கியில் அந்த மொழி கேட்டவுடன் அம்மா இலட்சுமி அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டுக் கேட்டு அலைவாள். இப்போது வகுப்பில் ஆசிரியை நல்ல மனதோடு, "எங்கே, சொல்லுங்கோ பார்ப்பம்" என்று கேட்கும்போதும் தேனுகா தலையைக் குனிந்துகொள்வாள்.

அதே பாடத்தில் முழு வகுப்பிலும் கூடிய புள்ளி ஸாஜிதாவுக்கு.

குருமன்காட்டில் வாடகைக்கு எடுத்த வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. ஸாஜிதாவின் குடும்பம் முல்லைத்தீவு. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு ஊரை விட்டுப் புத்தளம் போனவர்கள். அவள் பிறந்ததும் பத்து வயது வரை வளர்ந்ததும் அங்கேதான். பிறகுதான் முல்லைத்தீவுக்குத் திரும்பினார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடிப் பேசிப் பழகிய மொழி என்பதால் அவளுக்கு அது தண்ணீர் மாதிரி ஓடும். கணிதம்தான் ஓடாது. முதல் வருடம் முழுவதும் தேனுகா இருத்தி வைத்துச் சொல்லிக் கொடுத்துத்தான் அவள் தப்பினாள். அப்போது தேனுகாவுக்கு அவள் மேல் மிகுந்த அன்பு.

பெறுபேறு வந்த அன்று ஸாஜிதா, "நான் உனக்குச் சொல்லித்தாறன். ரெண்டு மாசத்தில கதைப்பாய்" என்றாள்.

"தேவையில்லை. நானே பாத்துக்கொள்ளுறன்."

அதற்குப் பிறகு எங்கே திரும்பினாலும் ஸாஜிதாதான் நின்றாள். தெற்கிலிருந்து சிங்கள மாணவர்கள் வந்தபோது மேடையில் நின்று மொழிபெயர்த்தது அவள். வீட்டு மின்மானி பழுதானபோது மின்சாரசபைக்காரரோடு பேசினது அவள். ஒருநாள் சிற்றுண்டிச்சாலையில் தேனுகா துணிந்து சிங்களத்தில் இரண்டு வசனம் பேசிப் பார்க்க, ஸாஜிதா பக்கென்று சிரித்துவிட்டாள். பக்கத்து மேசையும் சிரித்தது. உடனே அவள் மன்னிப்புக் கேட்டாள். தேனுகாவும் பரவாயில்லை என்றாள். ஆனால் அன்றிலிருந்து அவளுடைய குரல் கேட்டாலே தேனுகாவின் வயிறு எரியத் தொடங்கியது.

அந்த எரிச்சலை ஊதிப் பெருப்பித்தது அம்மாவின் கண். சீனி வருத்தத்தால் இலட்சுமியின் பார்வை மங்கிக்கொண்டு வர, லேசர் வைக்க வேண்டும் என்று அநுராதபுரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். துணைக்கு ஸாஜிதாவும் வந்தாள். வைத்தியர் சிங்களத்தில் சொன்னதை அம்மாவுக்குச் சொல்வதும், அம்மாவின் பயத்தை வைத்தியருக்குச் சொல்வதும், நடுவில் இருவரையும் சிரிக்க வைப்பதும் அவள்தான். பெற்ற மகள் மருந்துப் பையைப் பிடித்தபடி சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"இந்தப் பிள்ளை இல்லாட்டி நான் குருடிதான்" என்று திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா சொன்னாள். ஊரிலும் போய்ச் சொன்னாள்.

இரண்டாவது முறை போக வேண்டிய நாள், மூன்றாம் வருடத்துப் புள்ளிவிபரவியல் கடைசி விரிவுரை நாளாக வந்து சேர்ந்தது. தேனுகா தொலைபேசியில் தயங்கினாள். "எனக்கு அண்டைக்கு லெக்சர் இருக்கம்மா. எண்டாலும் வாறன்."

"நீ படி பிள்ளை. நீ வந்து என்ன செய்யப்போறாய்? ஸாஜிதா வந்தாக் காணும்."

அம்மா அதை அக்கறையில்தான் சொன்னாள். தேனுகா கைபேசியைக் கட்டிலில் எறிந்துவிட்டு வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

ஸாஜிதா விரிவுரையை விட்டுவிட்டு அம்மாவோடு போனாள். தேனுகா விரிவுரைக்குப் போனாள். அன்றைக்கு விரிவுரையாளர் புதிதாக ஒரு பகுதியை எடுத்து, இரண்டு கணக்கைப் பலகையில் செய்து காட்டி, "இதை விட்டுட்டுப் பரீட்சைக்கு வராதேங்கோ" என்றும் சொன்னார். தேனுகா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

மாலையில் ஸாஜிதா களைத்து வந்து கட்டிலில் விழுந்தாள். "அன்ரிக்கு ஒரு குறையும் இல்லை. வழியில தோடம்பழம் வாங்கித் தந்தவா. சரி, கடைசி வகுப்பில என்ன நடந்தது?"

அம்மா அவளுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்திருப்பாள் என்று தேனுகா நினைத்தாள். சின்ன வயதில் தனக்கு உரித்துத் தருவதைப் போல, நார் ஒன்றும் இல்லாமல்.

"ஒண்டுமில்லை. பழசைத்தான் மீட்டவர்."

பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று வந்து வாயை அடைத்தது. ஒருமுறை, அம்மா கைபேசியில் அழைத்து, "ஸாஜிதாவிட்டக் குடு" என்றாள். அதோடு அந்த எண்ணமும் போய்விட்டது.

பரீட்சையில் ஐந்தாவது வினா முழுக்க அந்தப் பகுதியிலிருந்து வந்தது. ஸாஜிதாவுக்கு முப்பத்தாறு புள்ளி. நாற்பது எடுத்திருந்தால் சித்தி. இனி அடுத்த வருடம் பின்னால் வரும் மாணவர்களோடு இருந்து எழுத வேண்டும். எல்லோரும் பட்டம் வாங்கும்போது அவள் வாங்க முடியாது.

பெறுபேறு வந்து இரண்டாம் நாள், தேனுகா குசினியில் அரிசி களைந்துகொண்டு நின்றாள். ஸாஜிதா வந்து கைபேசியை நீட்டினாள். அவர்களோடு படிக்கும் நிருஷன் கடைசி வகுப்பில் எடுத்த பலகையின் படம்.

"பழசைத்தான் மீட்டவர் எண்டு சொன்னனீ."

தேனுகா அரிசியை இன்னொருமுறை களைந்தாள்.

"மறந்துபோட்டியோ?"

ஓம் என்று சொன்னால் நம்புவதற்கு ஆயத்தமாகத்தான் ஸாஜிதா கேட்டாள். அது தேனுகாவுக்கு விளங்கியது. விளங்கியதாலேயே பொய் சொல்ல முடியவில்லை.

"இல்லை. வேணுமெண்டுதான் சொல்லேல்லை."

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டேயிருந்தது. ஸாஜிதாதான் எட்டிப் பூட்டினாள்.

"ஏன்?"

"எல்லாத்துக்கும் நீதான். அம்மாவுக்கும் நீதான். உனக்குச் சும்மா கிடைச்ச ஒரு பாசையால நான் ஒண்டுக்கும் உதவாதவள் ஆகிட்டன்."

"சும்மாவோ?" ஸாஜிதாவின் குரல் உயரவில்லை. "எங்கட வாப்பாவைப் பிறந்த ஊரில இருக்க விடாததால கிடைச்சது தேனு. விருப்பமெண்டால் அதையும் சேர்த்து எடு." பிறகு சொன்னாள்: "நீ பலகைக்கு முன்னால நிண்டு கணக்குச் செய்யேக்க எனக்கும் எரியிறதுதான். மூண்டு வருசமா எரிஞ்சது. ஆனா உன்ர கொப்பியில நான் கை வைக்கேல்லை."

அன்று பின்னேரமே அவள் சாமான்களைக் கட்டிக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் அம்மாவின் மூன்றாவது தவணை வந்தது. ஸாஜிதாவுக்கு ஏலாதாம் என்று சொல்லிவிட்டுத் தேனுகா தானே போனாள். பஸ்ஸில் சிங்களப் பாடப் புத்தகத்தை மடியில் வைத்து, தேவைப்படும் வசனங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். தாதியின் முன்னால் நின்றபோது தாள் வியர்வையில் நனைந்து எழுத்து ஊறிப்போயிருந்தது. அவள் தட்டித் தடுமாறி, வலது கண்ணுக்கு இடது கண் என்று சொல்லி, பிறகு கையால் தொட்டுக் காட்டினாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தாதி சிரிக்கவில்லை. சரியான சொல்லைச் சொல்லி, அவள் திரும்பச் சொல்லும் வரைக்கும் காத்திருந்தாள். ஒலிபெருக்கியில் கேட்ட மொழியை ஒருவர் இப்படித் தன் முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசியதாகத் தேனுகாவுக்கு நினைவில்லை. வகுப்பில் ஆசிரியையும் இப்படித்தான் பேசியிருப்பார். தேனுகாதான் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டாள்.

வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்திருந்தபோது அம்மா, "ஸாஜிதா வந்திருந்தா வெள்ளெனப் போயிருப்பம்" என்றாள்.

தேனுகா எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா ஒரு கண்ணில் கட்டோடு மற்றக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏத்தி இறக்கினதுக்கோ அந்தப் பிள்ளை பெயிலானது?"

"ஓம்."

பஸ்ஸில் அம்மா அவளுக்குப் பக்கத்தில் இருக்காமல் முன் இருக்கையில் போய் இருந்தாள். வவுனியாவில் இறங்கும்போது, "எனக்கு உன்னை விட அவளைப் பிடிக்குமெண்டு நினைச்சியோ? பைத்தியம்" என்றாள். அந்தக் குரலில் கோபம்தான் கூட இருந்தது. தேனுகா அதை மறுக்கவும் இல்லை, ஆறுதலாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

விடுமுறையில் அவள் முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறினாள். ஸாஜிதாவின் உம்மா லதீபா ஒன்றும் தெரியாமல் தேத்தண்ணியும் பலகாரமும் கொண்டுவந்து வைத்தாள். மகள் வீட்டில் காட்டிக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் தேனுகாவுக்குத் தெரிந்தது. அது அவளை இன்னும் குறுக வைத்தது. உம்மா உள்ளே போனதும் அவள் சொன்னாள்:

"நீ திரும்ப எழுதும் வரைக்கும் நான் சொல்லித்தாறன். முழுக்க. ஒண்டையும் விடமாட்டன்."

"மன்னிப்புக் கேக்க வந்தனீயோ, கணக்குச் சொல்லித்தர வந்தனீயோ?"

"ரெண்டுக்கும்."

ஸாஜிதா தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கணக்கைச் சொல்லித்தா. எனக்கு அது வேணும். மற்றது இப்ப முடியாது."

அப்படியே நடந்தது. செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் ஒரு மேசை. இரண்டு மணித்தியாலம் கணக்கு மட்டும். முன்பு போலப் பகிடி இல்லை, வீட்டுக் கதை இல்லை. தேனுகா மீள்பரீட்சையில் சிங்களத்தை மட்டுமட்டாகச் சித்தியடைந்தாள். விதிப்படி முதல் வகுப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை. பட்டமளிப்பு மண்டபத்தில் அவள் பெயரை வாசித்தபோது அம்மா கைதட்டினாள். நண்பிகள் இருந்த வரிசையில் ஸாஜிதா இல்லை.

மறு வருடம் ஸாஜிதா அறுபத்தெட்டுப் புள்ளி எடுத்தாள். அதைத் தொலைபேசியில் சொன்னபோது அவளுடைய குரலில் பழைய சிரிப்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மாவட்டச் செயலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நேர்முகம் வந்திருப்பதாகவும் சொன்னாள்.

தேனுகாவின் வயிற்றில் அந்தப் பழைய எரிவு ஒரு கணம் கிளம்பியது. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எப்ப நேர்முகம்?" என்று கேட்டாள். "என்னென்ன கேப்பினமாம்? கணக்கும் வருமோ?"