முந்திக்கொண்ட மணி

மருமகள் தேக்கரண்டித் தண்ணீரை மாமனாரின் உதட்டருகே கொண்டு போன நேரம் பார்த்து மாதா கோயிலில் துக்க மணி அடித்தது. கரண்டி பாதி வழியில் நின்றது. தண்ணீர் அவர் கழுத்துக்குள் இறங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மணியைக் கேட்டார்.

மூன்று அடி. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் மூன்று.

“மூணு மூணா அடிக்கிறான்” என்றார். குரல் காகிதத்தைக் காகிதத்தில் தேய்ப்பது போல வந்தது. “பொம்பளைக்கு ரெண்டு. இது ஆம்பளை. யாரும்மா?”

அந்தக் கோயிலுக்குட்பட்ட பங்கில் அன்றைக்குச் சாகக் கிடந்த ஆம்பளை ஒரே ஒருவர்தான். அவர்தான் யாரென்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊர் முழுக்க அவரை ‘வழியனுப்பி’ என்றுதான் கூப்பிடும். பங்கின் நல்ல மரண சபைக்கு அவர்தான் தலைவர், அவர்தான் செயலாளர், பெரும்பாலான வருடங்களில் அவர்தான் ஒரே உறுப்பினர். திங்கட்கிழமை மரியாயின் சேனைக் கூட்டம், செவ்வாய் நவநாள், வியாழன் பாட்டுப் பயிற்சி, வெள்ளி சிலுவைப்பாதை, சனி கோயிலைக் கழுவி விடுவது, ஞாயிறு பூசை என்று பங்கின் வாரம் அதன் பாட்டுக்கு ஓடும். இவருடைய வாரத்துக்கு மட்டும் கிழமையே கிடையாது. யாருக்காவது மூச்சு இழுக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தலைமாட்டில் உட்கார்ந்து, “பயப்படாத. ஒண்ணுமே இல்ல. இந்த ரூம்லேர்ந்து அந்த ரூமுக்குப் போற மாதிரிதான். அந்தப் பக்கம் ஆள் நிக்கும், கையைப் பிடிச்சுக்கும்” என்பார். அவர் சொல்லும் அழகில், கூடி நிற்கிற திடகாத்திரமான ஆட்களுக்கே ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றிவிடும். மற்றபடி, அவர் தெருவில் வந்தால் ஜலதோஷக்காரர்கள் தும்மலை விழுங்கிக்கொள்வார்கள். எதற்கு வம்பு?

அப்பேர்ப்பட்ட மனுஷர் இப்போது பயந்துகொண்டிருந்தார். படுக்கையில் விழுந்த நாளிலிருந்தே பயம்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் போர்வையின் ஓரத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார், யாரோ இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் போல. காலையில் பங்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசி நற்கருணை கொடுத்துவிட்டு, அடுத்த ஊர்ப் பூசைக்கு மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டார். நெற்றியில் எண்ணெய் இன்னும் மினுங்கியது. அதற்குக் கீழே இருந்த கண்கள் எலிப்பொறிக்குள்ளிருந்து பார்ப்பவை போலப் பார்த்தன.

“யாரும்மா?” என்றார் மறுபடியும்.

மணி எப்படி முந்திக்கொண்டது என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. துக்க வீட்டில் தலைமாட்டில் நிறுத்துவதற்கென்று கோயிலில் இரண்டு பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகள் உண்டு. ஆள் உயரம், ஆளைவிடக் கனம். அவளுடைய புருஷன் பெரிய முன்யோசனைக்காரர், பல் வலி வருவதற்கு முன்பே பல் டாக்டர் வீட்டு வாசலில் போய் உட்காருகிற ரகம். சனிக்கிழமை கோயிலைக் கழுவி முடித்ததும் மணியடிக்கிற கோயில்பிள்ளை பொருளறையைப் பூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார், அப்புறம் சாவி வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும் என்று யோசித்து, அப்பாவுக்கு உயிர் இருக்கும்போதே தண்டுகளை வாங்கப் போய்விட்டார். தண்டு கேட்டு வருகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது, நொந்துபோய் வந்திருப்பான், பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டு மணியை அடி என்பது பங்கின் சட்டம். சட்டம் போட்டவர் வழியனுப்பியேதான். கோயில்பிள்ளை சட்டத்தை மீறாதவர். பித்தளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பாதி வழி வந்த மகன், பின்னால் மணிச்சத்தம் கேட்டு, ஐயோ பாவம் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தார். கை காலியாக இல்லாததால் சிலுவை போட்டுக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

மருமகள் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் தையற்கடையின் கதவு இழுத்து மூடியிருந்தது.

“தையக்காரர், மாமா” என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது.

“தையக்காரனா?”

“ஆமா.”

போர்வையின் ஓரம் இன்னும் கொஞ்சம் அவர் கைக்குள் போனது. தையற்காரர் அவருக்கு இளவயதிலிருந்தே சிநேகிதர். பாடல்குழுவில் அடிக்குரல். அவர் அடிக்குரலில் இறங்கினால் பீடத்தில் இருக்கும் பூச்சாடிகள் நகர்ந்து இடம் மாறும் என்பார்கள். இரண்டு கையும் ஒரே நீளத்தில் அவர் ஒரு சட்டைகூடத் தைத்ததில்லை. சாமியாரின் அங்கியே ஒரு பக்கம் மட்டும் தரையைக் கூட்டிக்கொண்டு போகும்.

“நேத்துக்கூட வந்து எட்டிப் பாத்துட்டுப் போனானே” என்றார் மாமனார். “யாரு கூட இருந்தா? நான் போகலையே. பயப்படாதன்னு யாருமே சொல்லியிருக்க மாட்டாங்களே அவன்கிட்ட.”

“இருந்திருப்பாங்க மாமா. தண்ணி குடிங்க.”

“பயந்தானாமா?”

“தெரியல.”

“போய்க் கேட்டுட்டு வா.”

அவள் எழுந்துகொண்டது கேட்பதற்காக இல்லை. உட்கார்ந்திருக்க முடியாமல்தான். சனிக்கிழமை இந்த நேரத்தில் அந்தக் கடை மூடி அவள் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குச் சட்டை கேட்டு ஊரே கதவை உடைக்கும் நேரம் அது. நல்லா இருக்கிற மனுஷனை வாயாலேயே கொன்றுவிட்டோமோ என்று நினைத்தாள். சாகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன பொய். சாமியார் பூசிய எண்ணெய்கூடக் காயவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். பாதிப் பங்கு வாசலில் நின்றது, மீதிப் பாதி சட்டை மாற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. கோயிலைக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் துடைப்பத்தைக்கூடக் கீழே போடாமல் ஓடி வந்திருந்தார்கள். ஒருத்தி கையில் வாளி. பாடல்குழு தொண்டையைச் செருமி சுருதி சேர்த்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் மரியாயின் சேனைத் தலைவி, கைக்குட்டை சகிதம்.

“எத்தனை மணிக்கும்மா போச்சு?” என்று அவள் இவளைக் கட்டிக்கொண்டாள்.

“இன்னும் போகல அக்கா. மெதுவாப் பேசுங்க.”

தலைவி கட்டிய கையை எடுக்காமலே யோசித்தாள். “மணி அடிச்சாச்சே.”

“தப்பா அடிச்சுட்டாங்க.”

“தப்பா எப்படிம்மா அடிப்பாங்க? மணி என்ன சைக்கிள் பெல்லா?”

“மாமா முழிச்சுட்டு இருக்காரு. காதுல விழும். தயவுசெஞ்சு போங்க.”

கூட்டம் அசையவில்லை. வந்த துக்கத்தை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

“அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்துட்டோம்” என்றாள் வாளிக்காரி. “இருந்தே போறோமே. எப்படியும் இன்னிக்குத்தானே?”

“ஒரே ஒரு பாட்டு, வாய்க்குள்ளயே பாடிக்கட்டுமா?” என்றாள் தலைவி.

அப்போதுதான் உள்ளே, மாமனாரின் அறையிலிருந்து பேச்சுக்குரல் வந்தது. இரண்டு குரல்கள். அதில் ஒன்று பூச்சாடியை நகர்த்துகிற குரல்.

அவள் ஓடினாள்.

கட்டிலின் கால்மாட்டில் தையற்காரர் நின்றுகொண்டிருந்தார். மணி கேட்டதுமே கடையைச் சாத்திவிட்டு, துக்கத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கூட்டத்தில் இடிபடாமல் வழக்கம்போலப் பின்வாசல் வழியாக வந்திருந்தார். சிநேகிதனின் உடம்பைப் பார்க்க வந்தவரை அந்த உடம்பு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரில் யாருக்கு முகம் அதிகமாக வெளிறியிருந்தது என்று சொல்வது கஷ்டம்.

“வந்துட்டியா” என்றார் மாமனார். கட்டிலே லேசாக ஆடியது, அப்படி ஒரு நடுக்கம். “நீ போயிட்டேன்னு மணி அடிச்சாங்க. என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் அனுப்பினாங்களா?”

தையற்காரர் வாயைத் திறந்தார். கட்டிலுக்குப் பின்னாலிருந்து மருமகள் இரண்டு கைகளையும் கூப்பினாள். தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள், பிறகு ஆமாம் ஆமாம் என்றும் ஆட்டினாள். தையற்காரர் அவளைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், போர்வையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“ஆமாண்ணே” என்றார். “போயிட்டேன்.”

“வலிச்சுதா?”

“ஊசி குத்தினாப்ல ஒரு சுருக். விரல்ல ஏறினா இதைவிட வலிக்கும்.”

“இருட்டா?”

தையற்காரர் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார். “கொஞ்சம் இருட்டுதான். ஊசியில நூல் கோக்க முடியாது. ஆனா கால் தட்டாம நடக்கலாம்.”

“ஆள் நின்னுச்சா?”

“ம்.”

“யாரு?”

“நம்ம ஆளுங்கதான். நீங்க அனுப்பி வச்சீங்களே, எல்லாரும்.”

மாமனார் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். மூச்சு ஏறும்போது ஒரு சத்தம், இறங்கும்போது வேறு சத்தம். வாசலில் யாரோ இருமினார்கள். யாரோ அவரை அடக்கினார்கள்.

“கோவமா இருக்காங்களா?” என்றார்.

“எதுக்கு?”

“ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். போய்ப் பாத்த மாதிரி சொன்னேன். எனக்கு என்ன தெரியும்?” அவர் கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போனது. “அங்க எல்லாரும் நின்னுட்டு இருப்பாங்க. ஏண்டா அப்படிச் சொன்னேன்னு பிடிச்சுக் கேப்பாங்க. அதான் எனக்குப் பயம்.”

மருமகளுக்கு இப்போதுதான் புரிந்தது. தையற்காரர் இதற்கு என்ன சொல்லப்போகிறார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. வாழ்நாளில் சொன்ன தேதிக்குச் சட்டை கொடுத்திராத மனுஷர்.

“கேட்டாங்கதான்” என்றார் தையற்காரர். “போனதும் முதல்ல உங்களைத்தான் கேட்டாங்க. எங்க அந்த ஆளு, இன்னும் காணோமேன்னு.”

“அடிக்கவா?”

“ஜெபம் சொல்லண்ணே. அங்கயும் அந்த வேலைக்கு யாரும் பேர் கொடுக்க மாட்டேங்கிறாங்களாம்.”

மாமனாரின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பு என்று தெரிய மருமகளுக்குச் சற்று நேரம் ஆனது.

“உன்னைப் பாடச் சொன்னாங்களா?”

“என்னை வேணாம்னுட்டாங்க.”

“அப்ப நல்ல இடந்தான்” என்றார் மாமனார்.

பிறகு கையை நீட்டினார். தையற்காரர் தயங்கினார். செத்தவர் கை எப்படி இருக்கும் என்பது இந்தப் பங்கிலேயே மாமனாருக்குத்தான் நன்றாகத் தெரியும். எத்தனை கைகளை மார்பில் மடித்து வைத்தவர். வேறு வழியில்லாமல் தையற்காரர் கையைக் கொடுத்தார்.

மாமனார் அதைப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். புறங்கையைத் திருப்பி மறுபடியும் தடவினார்.

“சூடா இருக்கே” என்றார், ஆச்சரியமாக.

அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. போர்வையின் ஓரத்தை விட்டுவிட்டிருந்தார். மூச்சு நீண்டுகொண்டே போனது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மருமகள் தன் மூச்சை நிறுத்திக் காத்திருந்தாள். ஒரு தடவை காத்திருந்தபோது அடுத்தது வரவில்லை. அவள் இன்னும் காத்திருந்தாள். தையற்காரர்தான் கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்து, “அம்மாடி” என்றார்.

அவள் கண்களை மூடிவிட்டாள். தாடையைத் துணியால் கட்டினாள். வாசலுக்குப் போய் ஒதுங்கி நின்றாள். கூட்டம் துடைப்பத்தையும் வாளியையும் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே போனது. பித்தளைத் தண்டுகளோடு வந்து சேர்ந்த புருஷன் அவளைப் பார்த்ததும், அவற்றை எங்கே இறக்குவதென்று தெரியாமல் முற்றத்தில் நின்றார். கோயில்பிள்ளை அவர் பின்னாலேயே வந்து, மறுபடியும் அடிக்கணுமா, அடிச்சதையே வச்சுக்கலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. அடிக்குரல் இல்லாத பாட்டு.

மருமகள் பின்பக்கம் போனாள். தையற்காரர் பின்வாசல் படியில் உட்கார்ந்து, கொடுத்த கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தார்.

“பாட வரலையா?”

அவர் இல்லை என்று தலையாட்டினார். “அம்மாடி, கடை வரைக்கும் கூட வர்றியா?” என்றார்.

அவள் பக்கத்துச் சந்து வழியாகத் தெருவைப் பார்த்தாள். எதிர்ச்சாரிதான். கத்தரி வெயில் தெருவின் ஒரு கல்லைக்கூட விடாமல் காய்ச்சிக்கொண்டிருந்தது. அவள் “வாங்க” என்றாள்.

தெருவைக் கடக்கும்போது அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கடைக் கதவை அவள்தான் தள்ளித் திறந்தாள். வெயில் அவர்களுக்கு முன்னால் உள்ளே போய், வெட்டுகிற மேசை, அதில் கிடந்த சாக்கட்டி, பாதி தைத்த சட்டை எல்லாவற்றின் மேலும் விழுந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

“தண்ணி எடுத்துத் தரவா?”

“வேணாம். நீ போ, அங்க தேடுவாங்க.” அவள் வாசல்வரை போனதும், “நானும் போய்ப் பாத்த மாதிரி சொல்லிட்டேன். அந்த லைட்டைப் போட்டுட்டுப் போ” என்றார்.

அவள் திரும்பி வந்து சுவிட்சைத் தட்டினாள். குழல்விளக்கு எரிவதும் அணைவதுமாகத் துடித்தது. அது நின்று எரியும்வரை இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.